உன் தோளில் மிச்சமிருக்கும் நான்கு விரல்கள்

அன்புள்ள மாப்ள பாண்டி,

நீ போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்றாகப் போகிறது. அங்கேயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் உனக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று பெரிய பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய்.

ஆனையூரில் என் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, நாம் தோளில் கைபோட்டு எடுத்த படம் அது. உன் தம்பி முத்து கேட்டான் என்று நான்தான் அனுப்பினேன். பிளக்ஸில் நான் இல்லை. கத்தரித்தவன் அவசரக்காரன் போலிருக்கிறது, உன் தோளில் என் நான்கு விரல்களை விட்டுவிட்டான். கீழே பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று உங்கள் ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள். இருபது வருஷம் ஆபீஸில் உன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவனுக்கு நான்கு விரல்.

நேரே போய் முத்துவிடம் கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. சொந்தக்காரய்ங்க யாரு என்னன்னு கேப்பாய்ங்க. காலனி ஆளுன்னு தெரிஞ்சா வீண் பேச்சு. ஆனா அண்ணன் உங்கள அப்படி நெனச்சதே இல்ல. 'செல்வம் அவிய்ங்க மாதிரி இல்லடா, சுத்தமான ஆளு'ன்னு வீட்டுல எப்பவும் சொல்லும்."

பாவம், எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான்.

அவிய்ங்க என்றால் யார் மாப்ள? உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அலங்காநல்லூரிலிருந்து கீழாநெல்லி பறித்துக்கொண்டு பஸ் ஏறி வந்த என் அம்மாவா? உன்னை பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்த என் அண்ணனா? எங்கள் வீட்டில் கறிச்சோறு கேட்டுக் கேட்டு வாங்கித் தின்பாயே, தின்றுவிட்டுப் போய்ச் சொல்வாயா, சொல்லிவிட்டுத் தின்ன வருவாயா?

உனக்கு வசதியான ஏற்பாடுதான். எங்களில் ஒருவனை மட்டும் நல்லவனாக்கிக்கொண்டால் மற்றவர்களைப் பற்றிய நினைப்பை மாற்றவே வேண்டியதில்லை. உனக்கும் நல்லவன் என்ற பெயர் கிடைத்துவிடும். வெறுப்பவனோடு சண்டையாவது போடலாம். உன்னோடு அதற்கும் வழியில்லாமல் செத்துத் தொலைந்தாய்.

கிளம்பும்போது முத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம மண்டபத்துல அண்ணன் நெனவு நாள் கூட்டத்துல நீங்கதேன் மொதல்ல பேசணும்ணே. அண்ணன் சாதி பாக்காத மனுசன்னு நீங்க சொன்னாத்தேன் எடுபடும்."

வருகிறேன் மாப்ள, சத்தியமாக வருகிறேன். என் அம்மாவையும் அண்ணனையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். மைக்கைப் பிடித்து, இவர்கள்தான் அந்த 'அவிய்ங்க' என்று உன் சொந்தபந்தத்துக்கு அறிமுகம் செய்வேன். பிறகு நீ வீட்டில் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொல்வேன். உன் பிள்ளைகளும் கேட்கட்டும்.

அவர்கள் மாதிரியேதான் இருக்கும்
உன் மாப்ள,
செல்வம்