அம்மா போட்ட குறைந்த மதிப்பெண்ணும் அனுப்பிரியாவின் பெயர் நீக்கமும்

அனுப்புநர்
சா. கதிர்வேல், டிப்ளமோ (இன்ஸ்ட்ருமென்டேஷன்),
செம்மங்குப்பம், கடலூர்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்),
கடலூர்.

பொருள்: பெற்றோர் தந்த மதிப்பெண்ணை வைத்து மாணவியின் குணத்தை முடிவுசெய்து, அறிவியல் கண்காட்சிக் குழுவிலிருந்து நீக்கியது – மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்கா மகள் அனுப்பிரியா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். அவள் அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் பள்ளிக்கூட விஷயமாக அலைவது நான்தான்.

2. சென்ற மாதம் பள்ளியில் பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பிள்ளை தைரியமாகப் பேசுமா, மற்றவர்களோடு ஒத்துப்போகுமா, எடுத்த வேலையை முடிக்குமா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அக்கா மலர்க்கொடி எல்லாவற்றுக்கும் ஒன்று, இரண்டு என்றே போட்டுக் கொடுத்துவிட்டார்.

3. பெற்ற பிள்ளையை வாயால் புகழ்ந்தாலே கண்ணுபடும் என்பவர், எழுத்தில் புகழ்வாரா? எங்கள் தெருவில் எந்த அம்மாவிடமும் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். "எங்க சாப்புடுது, கோழி கொத்துற மாதிரி கொத்துது" என்பார்கள். பிள்ளை நாலாவது இட்லியில் இருக்கும்.

4. பள்ளி இதைக் கணினியில் போட்டு, 'தன்னம்பிக்கை மிகக் குறைவு, கூடிப் பழகும் தன்மை இல்லை' என்று அறிக்கை அடித்துக் கொடுத்தது. அதையே காரணம் காட்டி, சிதம்பரத்தில் நடக்கவுள்ள கண்காட்சிக்குப் போகும் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அங்கே வைக்கப்போகும் வாயுக் கசிவு எச்சரிக்கை மணியை யோசித்தது அவள், ஒயரிங் செய்தது அவள். மணி போகிறது, அவள் போகவில்லை.

5. சிப்காட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு பிரஷர் கேஜ் தப்பாகக் காட்டுவதாகத் தெரிந்தால் இன்னொன்றை மாட்டிப் பார்ப்போம். பாய்லரைக் கழற்றிப் போட மாட்டோம். இவர்கள் வகுப்பாசிரியையிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னால், "பெத்தவங்களே எழுதிக் குடுத்தது சார், நாங்க என்னா பண்றது" என்கிறார். ஆனாலும் இன்னொரு தாள் கொடுத்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அக்கா திரும்பவும் ஒன்று, இரண்டு. "போடா, கண்காட்சி அடுத்த வருசமும் வரும். புள்ள நல்லாருக்கணும்" என்றார். எந்தப் பக்கம் முட்டிக்கொள்வது?

6. இதற்குள் அனுப்பிரியா அறிக்கையைப் படித்துவிட்டாள். "அம்மா என்னப் பத்தி இப்டிதான் நெனைக்கிறாங்களா மாமா" என்று கேட்டாள். இப்போது வகுப்பில் கை தூக்குவதே இல்லை என்று வகுப்பாசிரியை சொல்கிறார். இல்லாத குறையை அந்த அறிக்கை உண்டாக்கிவிட்டது.

7. ஆகவே, வகுப்பாசிரியையை விசாரித்து, அறிக்கையை ரத்து செய்து, கண்காட்சிக்கு முன்பாக அவளைக் குழுவில் சேர்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிறகு செய்து பயனில்லை.

8. மகள் கேட்டதைச் சொன்ன பிறகுதான் அக்கா இறங்கி வந்தார். அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று உள்ளபடி எழுதி, ஒட்டிய உறையில் தந்திருக்கிறார். அதைத் தாங்கள் மட்டும் பிரிக்க வேண்டும், வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை. உறையின் மூலையில் உள்ள கறுப்புப் பொட்டு மை சிந்தியது அல்ல. அக்கா வைத்தது. அழிக்க வேண்டாம்.

விரைந்த நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
சா. கதிர்வேல்
(ஒப்பம்)

இடம்: செம்மங்குப்பம்
நாள்: 18.11.2025

இணைப்பு: அறிக்கை நகல், பள்ளி விவரம், ஒட்டிய உறை.