சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசை

19 நவம்பர் 1996, செவ்வாய்

நித்திரை வரவில்லை. பயிற்சி வகுப்பு இன்று காலையோடு முடிந்தது. நான் புலம்பெயர்ந்து வந்திருக்கும் இந்த நாட்டில், அரச கிளினிக்குகளில் மனநோய்க்கு மருந்து எழுதும் வைத்தியர்கள் எல்லோரும் அதைக் கட்டாயம் முடிக்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் இத்தனை வருடம் எழுதியவளுக்கு இனி என்னத்தைப் படிப்பிக்கப் போகிறார்கள் என்ற எரிச்சலோடுதான் போய்வந்தேன். கடைசிச் சோதனையில் நான் ஒரு பிழையும் விடவில்லை.

பின்னேரம் நான் வேலைசெய்யும் மல்வேர்ன் கிளினிக்குக்கு, என்னிடம் மருந்தெடுக்கும் மனோன்மணி அன்ரியை மகள் கூட்டிவந்தாள். அன்ரி திரும்பவும் சுவரோடு கதைக்கிறாராம். போன மாதம் எவ்வளவு தெளிவாக இருந்தவர்.

“அன்ரி, குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை, நீங்கள் சொன்னபடிதான்.”

மகள் மருந்துக் குளிசைப் போத்தலை மேசையில் வைத்தாள். “பொய், டொக்டர். போன கிழமை ஒண்டுமே போடேல்லை.”

“அது கந்தசஷ்டி எல்லோ,” என்றார் அன்ரி. “சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னனீங்கள். நான் சாப்பிடேல்லையே.”

மருந்தைத் திரும்பத் தொடங்கி, நாளைக்கே வரச் சொல்லி அனுப்பினேன். மகளுக்கு இரவு வேலை. தனியே இருக்கிற அன்ரிக்கு இப்போது என்ன கேட்கிறதோ.

வகுப்பில் அளவு, பக்கவிளைவு எல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள். விரதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. படிப்பித்த வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்?

போன கிழமை முழுக்கப் பாலும் பழமுமாக இருந்துகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தானே.