லைனில் போட முடியாத வளையல்கள்

அம்மாவுக்கு,

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரச் சொன்னாயாம். அண்ணன் போனில், "ஏட்டி, நீ மட்டும் வா. நீயாத் தேடிக்கிட்டவன் நம்ம வாசலை மிதிக்கக் கூடாது" என்றான். அப்படியானால் நான் வரவில்லை.

கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. இடது பக்கமே படுத்து இடுப்பு மரத்துப்போகிறது. ஆனாலும் சுங்குவார்சத்திரத்துக் காய்கறிக் கடையை மூடவில்லை. "நீ குந்திகினு வெலய மட்டும் சொல்லு, மூட்டைய நான் தூக்குறேன்" என்கிறார் உன் மருமகன். ஆஸ்பத்திரிப் பையையும் அவரே கட்டிவிட்டார். பிள்ளையைச் சுற்ற, நான் கிளம்பும்போது எடுத்துவந்த உன் பழைய சேலை அதில் இருக்கிறது.

நீ வராத வளைகாப்பும் நடந்தது. நான் வேலைபார்த்த ஃபேக்டரி லைனில் வளையல் போடக்கூடாதல்லவா? அப்போது என்னோடு தங்கியிருந்த ஹாஸ்டல் பெண்கள் பெட்டியில் பூட்டிவைத்திருந்ததையெல்லாம் என் கையில் ஏற்றிவிட்டார்கள். "எங்களுக்கும் சேத்து நீங்க குலுக்குங்கக்கா" என்றாள் அவர்களில் ஒருத்தி, பாண்டிச்செல்வி. இப்போது நான் தராசைத் தொட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

மனமிருந்தால் நீ இங்கே வா. பஸ் ஸ்டாண்டில் உன் பையை வாங்க அவர்தான் வருவார், நீ அவர் கையில் கொடுக்க வேண்டும். வளையல் வாங்கிவராதே, வீங்கின கையில் இனி ஏறாது. பிள்ளையை வாங்க உனக்கு இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.

உன் பிடிவாதம் அப்படியே வந்த
மகள்