பின்தெரு மாடி

13.6.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நானும் பாப்பா முத்துச்செல்வியும் நலம். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால் அவர்களுக்கு வயிறு எரியும். கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

போனில் பேச வேண்டாம், சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுங்கள், நானே இருவருக்கும் சேர்ப்பிக்கிறேன் என்று வக்கீல் வன்னியபெருமாள் சார் சொல்லியிருக்கிறார். அதன்படி எழுதுகிறேன். பாப்பாவின் பள்ளிச் சான்றிதழை மறுக்காமல் வாங்கி அனுப்பியதற்கு நன்றி. நான்காம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். எனக்கும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது.

இது கடலோர ஊர். பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வெயில் அதிகம். ஆனால் கோவில்பட்டி வெயில் மாதிரி மண்ணிலிருந்து கிளம்பி முகத்தில் அறைவதில்லை. மத்தியானம் ஆனதும் கடல் பக்கமிருந்து காற்று வந்து விடுகிறது.

பாப்பா உங்களைக் கேட்டாள் என்று பொய் எழுத எனக்கு மனமில்லை. கேட்கும்போது எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஜெயப்பிரியா

27.6.2025
கோவில்பட்டி

என் அன்பான பிரியாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். அம்மாவுக்கு வலி குறையவில்லை. "அவ இருந்தா காலு பிடிச்சு விடுவா" என்று தினமும் சொல்கிறாள்.

இங்கே காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. கரிசல் புழுதி பறந்து கடையில் உர மூட்டைகள் எல்லாம் ஒரே நிறமாகக் கிடக்கின்றன. விளாத்திகுளம் பக்கத்து ஆட்கள் கோடை உழவு போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். ஆவணி பிறந்தால்தான் விதை கேட்டு வருவார்கள். அதுவரை நானும் சும்மாதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனத்தாங்கல்தான். பத்து வருடம் குடும்பம் நடத்தியவனிடம் ஊர்ப் பெயரைக் கூட மறைக்கிறாய். ஒருநாளாவது உன்னைக் கைநீட்டி அடித்திருக்கிறேனா? நம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போகட்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். முகவரி வேண்டாம். என் பிள்ளை காலையில் ஜன்னலைத் திறந்தால் எதைப் பார்க்கிறாள் என்று மட்டும் எழுது. அது கூடத் தெரியாத ஒரு தகப்பனாக என்னை வைக்காதே.

என்றும் உன்,
நவநீதகிருஷ்ணன்

25.7.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தபின் மனசு கேட்கவில்லை. நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் உப்பு லாரிகள் வரிசையாகப் போகும். பாப்பா முதல்நாள் அதைச் சர்க்கரை என்று நினைத்துவிட்டாள். விடியற்காலையில் கப்பல் சங்கு ஊதும். முதலில் திடுக்கிட்டு எழுந்தாள், இப்போது அதைக் கேட்டுத் திரும்பிப் படுக்கிறாள்.

கீழ்வீட்டில் பெத்தம்மாள் அக்கா இருக்கிறார்கள். வீடு அவர்களுடையது. கருவாட்டு வியாபாரம். வந்த புதிதில் அந்த வாடை எனக்கு ஒத்துவராமல் மூக்கை மூடினேன். "ஏட்டி, ஒரு மாசம் பொறு, பொறவு இது இல்லாம உனக்குத் தூக்கம் வராது" என்றார்கள். இப்போது வாடையே தெரியவில்லை.

அலுவலகத்துக்கு நடந்தே போகிறேன். போகிற வழியில் மாதா கோயில். திருவிழாவுக்கு நாளைக்குக் கொடியேற்றம். தெரு முழுக்கக் கடை போடுகிறார்கள். சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். வரும்போது மக்ரூன் வாங்குவோம். எந்தத் தெருவில் திரும்பினால் எங்கே போய் நிற்போம் என்று தெரியாமல்தான் சில நாள் நடப்போம். வழி தவறினால் யாரையாவது கேட்பேன். வீடு சேர நேரமானால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பாப்பா வளர்ந்திருக்கிறாள். பாவாடை எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

இப்படிக்கு,
ஜெயப்பிரியா

12.8.2025
கோவில்பட்டி

என் அன்பான பிரியாவுக்கு,

நீ எழுதியதைப் படித்து எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரித்தேன் தெரியுமா. உப்பைச் சர்க்கரை என்றாளா என் தங்கம்.

தூத்துக்குடி என்று உப்பு லாரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. மக்ரூனும் மாதா கோயில் கொடியும் வேறு எழுதியிருக்கிறாய். நீ ஒளிக்கத் தெரியாதவள். அதனால்தான் உன்னைத் தனியாக விட எனக்குப் பயம். துறைமுகத்திலிருந்து நமக்கு உரம் ஏற்றிவருகிற டிரைவர் சுடலைமணிக்கு அந்த ஊர் உள்ளங்கை மாதிரி. "அண்ணாச்சி, உப்பு லாரி போற ரோட்டுல, மாதா கோயிலுக்கு நடக்குற தூரத்துல, கருவாட்டு யாவாரி வீட்டு மாடி. இது போதாதா?" என்றான். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

திருவிழாக் கடைசி நாள் நானும் வந்திருந்தேன். பயப்படாதே. பக்கத்தில் வரவில்லை. மக்ரூன் கடைப் படியில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைச் சேலை உனக்கு எடுப்பாக இருந்தது. அது நான் எடுத்துக் கொடுத்ததில்லை. ஒரு பெண்பிள்ளையோடு நின்று சிரித்துப் பேசினாய். வேலை பார்க்கும் இடத்துச் சிநேகிதியா? நம் வீட்டில் இருந்தபோது நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டதா? போன வாரம் நாலு நாள் பள்ளிக்கூட வேனில் அவளைக் காணோம் என்று சுடலைமணி சொன்னான்.

கடல் காற்று அவளுக்கு ஆகாது. யோசித்துப் பார்.

என்றும் உன்,
நவநீதகிருஷ்ணன்

20.8.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்கு இருமல் என்று நான் உங்களுக்கு எழுதவில்லை. வேனில் ஏறுகிற பிள்ளையை நின்று பார்க்க ஓர் ஆளை அனுப்பியிருக்கிறீர்கள். இரக்கப்பட்டு ஊரைப் பற்றி எழுதியது என் பிழை. இனி ஒரு வரி எழுத மாட்டேன்.

அடித்திருக்கிறேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நீங்கள் அடித்ததில்லை. கடைக்குப் போகும்போது வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவீர்கள். என் போன் உங்கள் கடை மேஜையில் இருக்கும். நடுவீட்டில் கேமரா மாட்டி, நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்கள் போனில் பார்ப்பீர்கள். அத்தையை மட்டும் காலையில் கூட்டிப்போய் உங்கள் அக்கா வீட்டில் விடுவீர்கள். "காலம் கெட்டுக் கெடக்கு, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்பீர்கள். நானும் நம்பினேன்.

பங்குனியில் அந்த மத்தியானம் பாப்பாவுக்கு இளைப்பு வந்தது. மருந்து தீர்ந்திருந்தது. உதடு நீலமாகிவிட்டது. கேமராவுக்கு முன்னால் அவளைத் தூக்கிக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு வெளிக்கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் மதினி கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைத்தார்கள். அவர்கள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி எனக்கு நினைவிருக்கிறது.

"பூட்ட ஒடச்சது யாரு?"

கேமராவில் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "பாத்தேன். கும்பிட்டு நடிச்சதெல்லாம் பாத்தேன்" என்றீர்கள்.

அன்றுதான் முடிவு செய்தேன். இதை நான் வக்கீல் சாரிடம் கூட முழுதாகச் சொல்லவில்லை. பாப்பாவின் அப்பாவைப் பற்றி இப்படி ஒரு பேச்சு ஊரில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன்.

உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களை விட்டுவிடுங்கள்.

ஜெயப்பிரியா

22.9.2025
தூத்துக்குடி

என் அன்பான பிரியாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். வக்கீலுக்கு எதற்குச் சிரமம் என்று இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உன் கேட்டில் செருகிவிட்டுப் போகிறேன். நீ அலுவலகம் போயிருக்கும் நேரம்தான். தொந்தரவு செய்ய மாட்டேன்.

நீ எழுதியதை எல்லாம் படித்தேன். பழசைக் கிளற நான் விரும்பவில்லை. நீ வர மாட்டாய் என்றால் நான் வர வேண்டியதுதான், அதுதானே குடும்பம். கடையைத் தம்பி செல்வகணேஷிடம் விட்டுவிட்டேன். விதைப்பு நேரத்தில், ஆட்கள் மக்காச்சோளம் விதைக்கு வாசலில் நிற்கும்போது, கடையைப் போட்டுவிட்டு எவனாவது ஊரைவிட்டுப் போவானா என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்குக் கடை எதற்கு?

உன் பின்தெருவில் மாடி வீடு ஒன்று கிடைத்தது. நல்ல வெளிச்சம். காலையில் எழுந்தால் கடல் வரைக்கும் பளீரென்று இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் உன் தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடும் கொடியும் தெரிகின்றன. பாப்பாவின் பாவாடைகளை எண்ணிப் பார்த்தேன். புதிதாக இரண்டு எடுத்திருக்கிறாய்.

ஊர் எனக்கும் பழகிவிட்டது பிரியா. தண்ணீர் என்றைக்கு வரும், ரொட்டிக்காரன் எந்த முனையில் மணி அடிப்பான், எல்லாம் தெரியும். மீன்காரப் பெண் ஒருத்தி, "அண்ணாச்சி, புதுசா குடி வந்திருக்கீயளா, குடும்பம் எப்ப வருது?" என்று கேட்டாள். குடும்பம் இங்கனதான் இருக்கு என்றேன். நீ இப்போது கடற்கரைக்குப் போகும்போது ஒரே வழியில்தான் போகிறாய். முன்னால் வேறு வேறு தெருவில் திரும்புவதாக எழுதியிருந்தாயே. ஏன் விட்டுவிட்டாய்?

இன்னொன்று. உன் மாடிப்படிக் கேட்டின் பூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடக்கிறது. கையால் இழுத்தாலே வந்துவிடும். நான் இழுத்துப் பார்த்தேன். ஒரு பெண்ணும் பிள்ளையும் இருக்கிற வீட்டுக்கு இப்படியா பூட்டுவது? நல்ல பூட்டாக வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு சாவி இருக்கிறது. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டித் தருகிறேன்.

என்றும் உன்,
நவநீதகிருஷ்ணன்

11.10.2025
தூத்துக்குடி

திரு. நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு,

இது நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

நீங்கள் கேட்டில் செருகியதைப் படித்ததும் முதலில் பெட்டியைத்தான் எடுத்தேன். நாகப்பட்டினமோ காரைக்காலோ, எங்காவது போய்விடலாம் என்று பாப்பாவின் சட்டைகளை மடித்து வைத்தேன். பெத்தம்மாள் அக்கா மேலே வந்தார்கள். நான் எதுவும் மறைக்கவில்லை. அழுதுகொண்டே உங்கள் கடிதத்தை அவர்களிடம் படித்துக் காட்டினேன்.

"பெட்டிய உள்ள வையி" என்றார்கள். "அங்க போனா அங்கயும் வருவான். அவன் ஒரு மாசமா இந்த ஊரப் பழகுதான். நாங்க இங்கனயே பொறந்து வளந்தவிய. எந்திரி, மொகத்தக் கழுவு."

அன்றைக்கே மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். வக்கீல் சாரிடம் அந்தப் பங்குனி மத்தியானத்தையும் முழுதாகச் சொன்னேன். சங்கரம்மாள் மதினி கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வாசலில் பெத்தம்மாள் அக்காவும் தெருப் பெண்களும் உட்கார்ந்து கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்ததையும், பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் நின்றதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருமுனை வரை வந்து திரும்பிப் போனீர்கள் என்று மீன்கார அக்கா சொன்னார்கள்.

நீதிமன்ற உத்தரவு இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கும். எங்கள் தெருவுக்குள்ளோ, பாப்பாவின் பள்ளிக்கூடப் பக்கமோ, என் அலுவலகப் பக்கமோ நீங்கள் வரக்கூடாது. ஆள் அனுப்பவும் கூடாது. பின்தெரு வீட்டை உங்களுக்கு விட்டவரும் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் நீங்கள் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். விளக்கு எரிகிறது.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஏணிப்படியில் பூனை குதித்தால் கூட எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். அலுவலகத்திலிருந்து வரும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நின்று, அவர்களை முன்னால் போகவிட்டு நடக்கிறேன். பாப்பா ஒருநாள் கேட்டாள். "அப்பா இங்கயும் பூட்டிட்டுப் போயிருவாவளா?" இல்லை என்று சொன்னேன். உங்களைக் கேட்டாள் என்றால் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, இதுதான் அவள் கேட்டது.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் மொட்டை மாடிக்குப் போகவில்லை. துணியை எல்லாம் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிப் போட்டேன். ஈரம் உலராமல் பாப்பாவின் சீருடையில் வாடை வந்துவிட்டது. வேனில் மற்றப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று காலை வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். வெயிலில் கண் கூசியது. நீங்கள் உங்கள் மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கீழே ஓடிவிடலாம் என்று ஒரு கால் பின்னால் போனது. ஆனால் ஓடவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நீங்கள்தான் முதலில் திரும்பி உள்ளே போனீர்கள்.

பாப்பா படியேறி வந்து, "அங்க என்னம்மா பாத்துக்கிட்டு நிக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லட்டி. வெயில் நல்லா அடிக்குது. அந்தத் துணிய எடுத்துக் குடு, காயட்டும்" என்றேன்.

ஜெயப்பிரியா