தேர்வீதி வீட்டில் ஒரு ஜன்னல்

என் அன்பிற்குரிய மாமாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். ஒரு சேதி சொல்ல வேண்டும், முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். உங்கள் வீட்டு முன்சுவரில் ஜன்னல் வைத்துவிட்டோம்.

தேர்வீதியில் யார் வீட்டு முகப்பைத் தொட்டாலும், தெருவின் ஐந்து பெரியவர்கள் வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அந்த ஐவரில் தலைவராக இருந்தவர் நீங்கள். தேர் திரும்ப இடம் வேண்டும், பழைய வீட்டு வரிசை கெடக்கூடாது என்பதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். பக்கத்து வீட்டு ரங்கசாமி தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னல் கேட்டபோது, தெருவில் நின்றபடியே மறுத்தீர்கள். "ஒரு சுவத்துல ஓட்டை போட உட்டா, நாளைக்குத் தெருவே ஓட்டையாயிருமுங்க" என்றீர்கள். அதன்பின் ஒன்பது வருடம் அவர் நம் வாசல்படி ஏறவில்லை. உங்கள் சாவுக்குக்கூட எதிர்ப்பக்கம் நின்றுதான் கும்பிட்டார்.

நீங்கள் போன இரண்டாம் மாதம் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆறு மாதம் அசையக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். முன்அறையில் கட்டில் போட்டோம். அந்த அறையின் இருட்டு உங்களுக்குத் தெரியாததா? நாளாக ஆகச் சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஒருநாள் உச்சி வெயிலில் நான் உள்ளே போனபோது கேட்டார்: "மாப்பிள்ளைங்க, இப்பப் பகலுங்களா, ராத்திரியுங்களா?"

அன்றே ஜன்னல் வைப்பதென்று முடிவு செய்தேன். உங்கள் மகள் செல்லம்மாளுக்கு மனமில்லை. "ஐயன் ஊருக்கே வேண்டாம்னு சொன்னதை அவுரு ஊட்டுலயே செய்யறதுங்களா?" என்று கேட்டாள். அதைவிடப் பெரிய சங்கடம், உங்களுக்குப் பின் ஐவருக்குத் தலைவர் ரங்கசாமிதான்.

போய் அவர் வாசலில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை காத்தால வந்து பாக்கறோமுங்க" என்றார். அவ்வளவுதான். நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்து மாமனார் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை நான், அதற்குமேல் என்ன பேசுவேன்?

சொன்னபடி வந்தார்கள். கயிறு பிடித்துத் தெருவின் அகலம் அளந்தார்கள். மண்சுவரை வெட்டினால் கூரை இறங்கும் என்றார் ஒருவர். ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறந்தால் வடம் பிடிக்கிறவர்கள் மேல் இடிக்கும் என்றார் இன்னொருவர். ரங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

"ஆரு?" என்றார் அத்தை.

"ரங்கசாமிங்க்கா."

"வா சாமி. உன்ற ஊட்டுல ஜன்னல் வெச்சயா?"

"இல்லீங்க்கா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்கும் வேண்டாமுங்க, மாப்பிள்ளை. மொதல்ல கேட்டவன் அவன்."

ரங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து மற்ற மூவரிடமும் சொன்னேன்: "பழைய மனுவை மொதல்ல பாருங்க. அது ஆகாதுன்னா இதுவும் வேண்டாமுங்க."

அரைமணி நேரம் பேசி, சில நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு. நிலைக்கதவின் உயரத்துக்குமேல் போகக்கூடாது. ஜன்னல் கதவு உள்பக்கம்தான் திறக்க வேண்டும். சிமெண்ட் கூடாது, சுண்ணாம்புதான் பூச வேண்டும். தெருப்பக்கம் ஒரு விரற்கடைகூட நீட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கொத்தனார் முதலில் ரங்கசாமி வீட்டு வேலையை முடித்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தார். கூரை இறங்கவில்லை.

இப்போது அத்தை தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு தெருவைப் பார்க்கிறார். காலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டுகிறவர்களைப் படுத்தபடியே அதட்டுகிறார். "அந்தக் கோடியில இழை அறுந்து தொங்குது, கண்ணு தெரியிலையா?" இரண்டு வேளை களி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். ரங்கசாமியின் மனைவி ஜன்னல் வழியே கீரை நீட்டிவிட்டு அரைமணி நேரம் கதை பேசிவிட்டுப் போகிறாள்.

நீங்கள் செய்தது தப்பென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை மாமா. கடைவீதியில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டியதைப் பார்க்கிறேன். அங்கே இனித் தேர் போகாது. நம் தெரு நேராக நிற்பது உங்களால்தான். ஆனால் அன்றைக்கு ரங்கசாமி வீட்டுக்குள் ஒரு தடவை போய், அந்தத் தறிக்குழியில் நின்று பார்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பீர்களோ?

போன வாரம் ஐவரில் காலியாக இருந்த உங்கள் இடத்துக்கு என்னைக் கேட்டார்கள். கேட்டவர் ரங்கசாமி. ஒப்புக்கொண்டேன். உங்களைப்போல் நானும் கயிறு பிடித்து அளப்பேன், தெருவில் ஒரு விரற்கடைகூட விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் யாருக்கும் முடியாது என்று சொல்லமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் செல்லம்மாளைக் கட்டிய மருமகன்,
நாச்சிமுத்து