தம்பியின் ரத்தப் பரிசோதனை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், போனில் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்று முடித்துவிடுகிறாயே. அதனால்தான் கடிதம். ‘வேலை இருக்கும்மா’ என்று நடுவில் வைத்துவிட முடியாது பார்.

உன் தம்பிக்கு வாய்ப்புண் ஆறிவிட்டது. இருமலும் நின்றுவிட்டது. எடை ஏறி, கன்னம் உப்பி, பார்க்க ஒரு குட்டி முதலாளி போல இருக்கிறான். பால் கொஞ்சம் தாமதமானால் போடும் சத்தம் எதிரே இருக்கும் ஆஸ்பத்திரி வரை கேட்கும். இந்த வாடகை அறையை உன் அப்பா தினமும் துடைத்துத் துடைத்து, தரையில் முகம் தெரிகிறது. லாண்டரியில் ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்த என்னிடமே, கை சரியாகக் கழுவினாயா என்று கேட்கிறார். வரும் கோபத்துக்கு அளவே இல்லை.

டீக்கடைக்காரர் குழந்தைக்கு என்ன நோய் என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், எலக்ட்ரீஷியனான உன் அப்பா பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். “எலும்பு மஜ்ஜையில பிறக்கிற வெள்ளணுவுல ஒரு வகை, நெஞ்சுக்குள்ள போய் வளர்ந்து கிருமியைப் பிடிக்கிற காவல்காரனா மாறணும். வளருன்னு உடம்பு பெல் அடிக்குது. இவனுக்கு அதைக் கேக்குற ஒயரே இல்லை. அந்த ஒயரைச் செய்யற ஜீன் என்கிட்ட ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. வீட்டுக்காரம்மாகிட்டயும் அப்படித்தான். ரெண்டு பழுதும் பார்த்து இவன்கிட்ட வந்துடுச்சு, பெரியவ கொடுத்த மஜ்ஜையாலதான் இனி புது ஒயர் ஓடணும்” என்றாராம். டாக்டரிடம் சொன்னேன். ஏறக்குறைய சரிதான் என்று சிரித்தார்.

ஆனால் உன் மஜ்ஜை அவன் உடம்பில் பிடித்துக்கொண்டதா என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. அதைப் பார்க்கத்தான் போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி மெஷின் பழுதாம், வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினார்கள்.

நேற்றுக் காலை அந்த லேபிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். “மன்னிச்சுக்குங்கம்மா, ரத்தம் மாறிப்போச்சு போல. பையன்னு எழுதியிருக்கு, ஆனா இது பொண்ணோட ரத்தம். மறுபடி எடுத்து அனுப்புங்க” என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் எத்தனை முறை குத்தினார்கள் என்று எனக்கல்லவா தெரியும்! நேராக டாக்டரிடம் போய், உங்கள் லட்சணம் இதுதானா, யார் வீட்டுப் பெண்ணின் ரத்தத்தையோ அனுப்பியிருக்கிறீர்களே என்று ஒரு பிடி பிடித்தேன்.

டாக்டர் லேபுக்குப் போன் போட்டு விவரம் கேட்டார். அப்புறம் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாரே பார்க்கணும். “யாரோ வீட்டுப் பொண்ணு இல்லம்மா, உங்க வீட்டுப் பொண்ணுதான்! மஜ்ஜை கொடுத்தது அக்காதானே? இவன் ரத்தம் முழுக்க இப்ப அக்காவோடது. நல்லா பிடிச்சுக்கிச்சு” என்றார். மஜ்ஜை மாற்றிய குழந்தை என்று லேபுக்கு யாருமே சொல்லவில்லையாம். உன் அணுக்கள் அவன் நெஞ்சுக்குள் போய்க் காவல்காரர்களாகவும் மாறத் தொடங்கிவிட்டனவாம்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உன் அப்பா மட்டும் மெதுவாக, அப்படியானால் இனிமேல் சட்டை வாங்குவதா கவுன் வாங்குவதா என்று கேட்டார். பயந்துவிடாதே. தோல், முடி, அடம் எல்லாம் அவனுடையதுதான், ரத்தம்தான் உன்னுடையது.

பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஜ்ஜை எடுத்த அன்று உன்னுடன் இருந்தாரே, அவரேதான். மயக்க ஊசி போடும் முன் நீ அவரிடம் கேட்டதை நேற்றுதான் சொன்னார். “இந்தக் குழந்தையே வேண்டாம்னு சண்டை போட்டவ சிஸ்டர் நான். என்னோடது அவனுக்கு ஒட்டுமா?” என்றாயாமே.

அடி அசடே! இதை மனதில் வைத்துக்கொண்டா ஆஸ்பத்திரி அறைக் கண்ணாடி வழியாகக்கூட அவனைப் பார்க்காமல் ஓடிப்போனாய்? இதற்கா இத்தனை ‘ம்’? கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குத் தம்பி பிறந்தால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? பெற்ற எனக்கே இருந்தது. வாய் ஆயிரம் பேசும். எலும்புக்குள் இருப்பது அதையெல்லாம் கேட்டுக்கொண்டா இருக்கும்?

எங்களைத் தவிர இன்னும் ஒருவர் அவனைத் தூக்கலாம் என்று டாக்டர் அனுமதித்துவிட்டார். உன் அத்தை பெட்டி கட்டித் தயாராக இருக்கிறாள். இரு என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். சளி, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பி வா. பொம்மை, பூ எதுவும் வேண்டாம். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே அவனிடம் போ. எங்களிடம் எந்தச் சமாதானமும் சொல்ல வேண்டாம், சொன்னால் உன் அப்பா தாங்கமாட்டார். வந்து அவனைத் தூக்கு கண்ணே, அது போதும்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
அம்மா