சேறு படாத சட்டை

என்னங்க,

இருபது வருஷமாக இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உங்கள் கல்லூரி ஃபுட்பால் டீமுக்குப் புதுக் கோச் வந்துவிட்டார். டேவிட் என்று பெயர், பெரிய முதலியார்சாவடி ஊர்க்காரர். முப்பது வயதுகூட இருக்காது.

வந்த வாரமே வீடு தேடி வந்தார். "அம்மா, இனிமே அவங்கவங்க ஜெர்சியை அவங்கவங்களே துவைக்கட்டும். நீங்க சிரமப்படாதீங்க," என்றார். சரி என்றேன். அவர் போனதும் பின்பக்கம் போய் வெறும் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் மூட்டையாகக் கட்டி வண்டியில் கொண்டுவருவீர்களே. நீங்கள் குழாயடியில் அலசித் தர, நான் பிழிந்து போடுவேன். உப்பளத்துக் காற்றில் பதினெட்டு நீலச் சட்டையும் படபடவென்று அடித்துக்கொள்ளும். "பாரு செல்வி, டீமே ஆடுது," என்பீர்கள். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இவர் யார்?

அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான் பசங்க வந்தார்கள். முன்னால் கோபி, உங்கள் கேப்டன். மூன்று நாள் பிராக்டிஸுக்கு லேட்டாக வந்தான் என்று வருகிற சனிக்கிழமை மேட்சில் அவனைப் பெஞ்சில் உட்காரவைக்கப் போகிறாராம். கோச்சை மாற்றச் சொல்லி பிரின்சிபாலுக்கு மனு எழுதி வந்திருந்தார்கள்.

"சார் இருந்தா இப்படிப் பண்ணியிருப்பாராம்மா? நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றான் கோபி. பேனாவை வாங்கிவிட்டேன்.

கதவோரம் சேகர் நின்றிருந்தான். மற்றவர்கள் இழுத்து வந்திருக்க வேண்டும். அவன் வாய் திறந்தே நான் பார்த்ததில்லை. "நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை கோபி இடத்துல நான்தாம்மா ஆடுறேன். மூணு வருஷத்துல இதான் ஃபர்ஸ்ட் டைம்," என்றான், தரையைப் பார்த்தபடி.

அந்த மூட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது. சேகருடைய பதினாறாம் நம்பர் சட்டையில் மட்டும் சேறே இருக்காது. ஒருமுறை உங்களிடம் கேட்டேன். "தினமும் முதல் ஆளா வர்றான் செல்வி. ஆனா கோபி எவ்ளோ லேட்டா வந்தாலும் கோல் அடிக்கிறானே, நான் என்ன பண்ண?" என்றீர்கள். அன்று நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. உங்களுக்கும் உறுத்தியதுதானே?

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "சார் இருந்தா உன்னை உட்காரவெச்சிருக்க மாட்டாருதான் கோபி. அது சார் செஞ்ச தப்பு," என்றேன். யாரிடமும் உங்களை நான் விட்டுக்கொடுத்ததில்லை. கோபி பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை கிரவுண்டுக்குப் போனேன். ஒரு கோலில் தோற்றோம். கோபி ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம், அது எனக்கே தெரிந்தது. ஆனால் சேகர் நிற்கவே இல்லை. ஓடி ஓடி, கடைசியில் கால் நரம்பு பிடித்துக்கொண்டு விழுந்தான். பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து ஓடியவன் கோபி. சேகரின் காலைத் தூக்கிப் பிடித்து, ஆட்டம் மறுபடி தொடங்க விசில் ஊதும்வரை நீவிவிட்டான். திங்கட்கிழமை காலை பிராக்டிஸுக்கு ஆறு மணிக்கு முன்பே கோபி கிரவுண்டில் நின்றானாம். டேவிட் போன் பண்ணிச் சொன்னார்.

என்மேல் கோபமா? இல்லை, அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு "காபி இருக்கா?" என்று கேட்பீர்களே, அந்த மாதிரியா?

உங்களைப் பற்றி யார் கேட்டாலும் இனி உள்ளதை உள்ளபடி சொல்வேன். அப்படிச் சொன்னாலும் நீங்கள் நல்ல மனுஷர்தான். அடுத்த மேட்ச் திண்டிவனத்தில். பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யார் எப்படி ஆடினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

உங்கள் மனைவி,
செல்வி